மலை ஏறும் முன் ஒரு ஒர்க்‌ஷீட்: எலக்ட்ரிக் சைக்கிளை எங்கே ஏற்றுவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "கால்க் திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது ஆபீசில் சம்பளக் கணக்குப் போடுகிறவர்களுக்கு, நமக்கெதற்கு?" மளிகைக் கணக்குக்கு நோட்டே போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு எண்ணை மாற்றினால் மற்ற எண்கள் எல்லாம் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டிய இடத்தில் நோட்டு உதவாது. அப்படி ஒரு கணக்கைத்தான் இந்த மாதம் எடுத்துக்கொள்கிறோம். இதைத் தப்பாகப் போட்டால் மார்க் குறையாது. வண்டி ரோட்டை விட்டு இறங்கும்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் நான்கு பேர் சென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். காருக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு வைத்த ஒரு சிறிய கேரவன் ட்ரெய்லர். நம் ஊரில் இது அபூர்வம்தான். ட்ரெய்லரின் பின்பக்க பம்பரில் ஒரு கேரியர் மாட்டி, அதில் இரண்டு எலக்ட்ரிக் சைக்கிள்களைக் கட்டியிருந்தோம். ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தபின் சாமை வயல்களுக்கு நடுவே சைக்கிளில் சுற்றலாம், கோமுட்டேரி வரை போகலாம் என்று திட்டம். பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு லாரி எங்களை முந்தியது. அந்தக் காற்று பட்டதும் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு காரையே இடமும் வலமும் இழுக்கும் அளவுக்கு. ஓட்டியவர் பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். அதனால் தப்பித்தோம். ஓரம் கட்டி நிறுத்தியபோது யாரும் பேசவில்லை.

கேரியர் உடையவில்லை, கயிறும் அவிழவில்லை. தவறு கட்டியதில் இல்லை, கட்டிய இடத்தில் இருந்தது. கிளம்பும் முன் பத்து நிமிடம் கால்க்கில் உட்கார்ந்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

ட்ரெய்லரை ஒரு ஏற்றப்பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவர் பூங்காவில் இரு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்து ஏறி இறங்குவார்களே, அதுதான். நடுவில் தாங்குவது சக்கரத்தின் அச்சு. ஒரு முனை காரின் கொக்கியில் இருக்கிறது. மறுமுனை பின் பம்பர். பின் பம்பரில் எடை ஏற்றினால் முன்முனை மேலே எழப் பார்க்கும், அதாவது கொக்கியை அழுத்தும் எடை குறையும். அது குறைந்தால் ட்ரெய்லர் காரின் சொல் கேட்காது. அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது. ஐரோப்பியக் கார்களுக்கு இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். உங்கள் காரின் கையேட்டிலும் ட்ரெய்லரின் கையேட்டிலும் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். இங்கே உதாரணத்துக்கு 10 சதவீதத்தை வைத்துக்கொள்வோம்.

இனி கம்ப்யூட்டருக்கு வாருங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இருந்தாலும் இதே வழிதான். புதிய ஷீட் ஒன்றைத் திறங்கள். மேலே ஆங்கில எழுத்துகள் காலம்களைக் குறிக்கும், இடப்பக்க எண்கள் வரிசைகளைக் குறிக்கும். செல் பெயர்களை நான் பி1, சி5 என்று தமிழில் எழுதுகிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தையே போடுங்கள்.

ஏ1 செல்லில் "கொக்கி முதல் அச்சு வரை" என்று டைப் செய்து, பக்கத்தில் பி1ல் 300 என்று போடுங்கள். இது சென்டிமீட்டர் கணக்கு. 300 என்று மட்டும் போடுங்கள், "300 செ.மீ" என்று போடாதீர்கள். எழுத்து சேர்ந்துவிட்டால் கால்க் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, பிறகு எல்லா விடையும் பிழையாக வரும். புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இரண்டாம் வரிசையை வெறுமனே விடுங்கள். மூன்றாம் வரிசையில் தலைப்புகள்: ஏ3ல் பொருள், பி3ல் எடை, சி3ல் அச்சிலிருந்து தூரம், டி3ல் கொக்கியில் சேரும் எடை. நான்காம் வரிசையில் ட்ரெய்லர்: பி4ல் 700, சி4 காலி, டி4ல் 77. ஐந்தாம் வரிசையில் முதல் சைக்கிள்: பி5ல் 25, சி5ல் -220. ஆறாம் வரிசையில் இரண்டாம் சைக்கிள், அதே எண்கள். ஏழாம் வரிசையில் கேரியர்: 15, -220. தூரத்தின் முன்னால் உள்ள மைனஸ் குறிக்கு "அச்சுக்குப் பின்னால்" என்று பொருள். முன்னால் இருந்தால் குறி வேண்டாம்.

இப்போது ஃபார்முலா. டி5 செல்லில் கர்சரை வைத்து = குறி போடுங்கள். மவுஸால் பி5ஐ க்ளிக் செய்யுங்கள், * குறி போடுங்கள், சி5ஐ க்ளிக் செய்யுங்கள், / குறி போடுங்கள், பி1ஐ க்ளிக் செய்யுங்கள். என்டர் தட்டும் முன் கீபோர்டில் எஃப்4 கீயை ஒரு முறை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். பி1க்கு முன்னும் நடுவிலும் $ குறி வந்து உட்காரும். இப்போது என்டர். -18.33 என்று விடை வரும். முதல் சைக்கிள் மட்டும் கொக்கியிலிருந்து 18 கிலோவைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம்.

டி5 செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதைப் பிடித்து டி7 வரை இழுத்து விடுங்கள். ஃபார்முலா மற்ற இரு வரிசைகளுக்கும் காப்பி ஆகிவிடும். $ குறி எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாமல் இழுத்துப் பாருங்கள். ஆறாம் வரிசை பி1க்குப் பதில் பி2ஐத் தேடிப் போகும். அது காலி, ஆகவே பூஜ்யத்தால் வகுத்த பிழை வரும். ஏழாம் வரிசை பி3ல் உள்ள "எடை" என்ற வார்த்தையால் வகுக்கப் பார்த்து வேறொரு பிழையைக் காட்டும். $ குறி "இந்த செல்லை விட்டு நகராதே" என்று கட்டளை போடுகிறது.

பி8ல் ஆட்டோசம் பட்டனை அழுத்தி எடைகளைக் கூட்டுங்கள், டி8லும் அப்படியே. பி9ல் டி8ஐ பி8ஆல் வகுத்து, சதவீதக் குறிக்கான பட்டனை அழுத்துங்கள். மொத்தம் 765 கிலோ, கொக்கியில் 29.33 கிலோ, 3.8 சதவீதம். சைக்கிள் ஏற்றும் முன் அது 11 சதவீதமாக இருந்தது. 65 கிலோவில் இத்தனையும் போய்விட்டது. எங்கள் ட்ரெய்லர் ஏன் வாலாட்டியது என்று புரிகிறதா?

ஷீட்டின் அருமை இனிமேல்தான். ட்ரெய்லரின் முன்பக்கம் முக்கோணச் சட்டம் ஒன்று இருக்கும், அங்கே கட்டினால் என்ன? சி5, சி6, சி7 மூன்றிலும் 250 என்று மாற்றுங்கள். கொக்கியில் 131 கிலோ, 17.1 சதவீதம். இதுவும் ஆபத்துதான். பல கார்களின் கொக்கி அவ்வளவு தாங்காது. காரின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டீயரிங் பிடிக்கும் முன் சக்கரங்கள் லேசாகிவிடும். சரி, கேரியரையே கழற்றிவிட்டு, ட்ரெய்லருக்கு உள்ளே தரையில், அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் சைக்கிள்களைப் படுக்கவைத்துக் கட்டினால்? சி5, சி6ல் 20, பி7ல் 0. கொக்கியில் 80 கிலோ, 10.7 சதவீதம். நாங்கள் சாலையோரத்தில் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செய்தது இதைத்தான். அதன்பிறகு ட்ரெய்லர் சாதுவாக வந்தது.

பேட்டரியைக் கழற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். சைக்கிளுக்கு 3 கிலோ குறையும் என்று வைத்து, பழைய இடத்திலேயே போட்டுப் பார்த்தேன். 4.4 சதவீதம். போதாது. ஆனாலும் பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டும், வேறு காரணத்துக்காக. 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் 360 வாட் அவர். ஒரு சாதாரண லேப்டாப் பேட்டரி 50 வாட் அவர் அளவில் இருக்கும். ஏழு லேப்டாப் பேட்டரிகளை வெளியே குலுங்கும் கம்பியில், மழையிலும் வெயிலிலும் தொங்கவிடுவீர்களா? காருக்குள், வெயில் படாத இடத்தில், முனைகளை மூடி வையுங்கள். பூட்டிய காரில் நண்பகலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இன்னொரு வசதி கோல் சீக். விடையைச் சொன்னால் கேள்வியைக் கண்டுபிடித்துத் தரும். "பின் பம்பரில் அதிகபட்சம் எத்தனை கிலோ ஏற்றலாம்?" என்று கேட்போம். சி5ல் மீண்டும் -220 போட்டு, பி6, பி7 இரண்டிலும் 0 போடுங்கள். கால்க்கில் டூல்ஸ் மெனுவில் கோல் சீக் இருக்கிறது. ஃபார்முலா செல் பி9, டார்கெட் வேல்யூ 0.1, வேரியபிள் செல் பி5. ஓகே தட்டினால் 8.4 வரும். அவ்வளவுதான். எட்டரைக் கிலோகூட இல்லை. குழந்தைகள் ஓட்டும் குட்டி சைக்கிள் ஒன்று ஏறும். எலக்ட்ரிக் சைக்கிளில் பாதிகூட ஏறாது. இந்த ஒரு எண்ணுக்காகவே கோல் சீக் கற்றுக்கொள்ளலாம்.

சமாளிக்கிறேன் என்று சிலர், பின்னால் சைக்கிளை வைத்துவிட்டு முன்னால் தண்ணீர் கேன்களை அடுக்கி சதவீதத்தைச் சரிக்கட்டுவார்கள். ஷீட் 11 என்று காட்டும். ஆனால் ஷீட்டுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சிலம்பக் கம்பின் இரு முனையிலும் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், நிறுத்துவது பெரும்பாடு. முனைகளில் கனம் உள்ள ட்ரெய்லரும் அப்படித்தான், ஆட ஆரம்பித்தால் அடங்காது. கனமானதை அச்சுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக வைப்பதே சரி. குழியில் விழும்போது கேரியர் தாங்க வேண்டிய அடியும் இந்த ஷீட்டில் வராது. நடுவை விட முனைதான் அதிகம் துள்ளும். அதனால்தான் சில கேரியர் தயாரிப்பாளர்கள் ட்ரெய்லருக்குப் பின்னால் மாட்டவே கூடாது என்கிறார்கள், சிலர் எடை வரம்பைக் குறைத்துச் சொல்கிறார்கள். கேரியரோடு வரும் காகிதத்தைக் குப்பையில் போடும் முன் படியுங்கள்.

ட்ரெய்லரே இல்லை, காருக்குப் பின்னால் நேரடியாகக் கேரியர் மாட்டப்போகிறேன் என்பவர்களே நம் வாசகர்களில் அதிகம் இருப்பீர்கள். கீழே உள்ள + குறியை அழுத்தி இன்னொரு ஷீட் திறந்து அதையும் போடுங்கள். முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே 260, பின் அச்சிலிருந்து சைக்கிள் வரை 120, எடை 65. எடையை 120ஆல் பெருக்கி 260ஆல் வகுத்தால் 30. முன் சக்கரங்களில் 30 கிலோ குறைகிறது, பின் சக்கரங்களில் 65 அல்ல, 95 கிலோ ஏறுகிறது. டிக்கியில் சாமான், பின் சீட்டில் மூன்று பேர் என்றால் அதையும் சேருங்கள். போளூர் வழி, ஆலங்காயம் வழி, அமிர்தி வழி, எதில் ஏறினாலும் மேட்டில் எடை பின்னால்தான் சாயும். முன் சக்கரம் இழுக்கும் கார் கொண்டை ஊசி வளைவில் வழுக்குவதற்கு இது போதும். காரின் கூரையில் ஏற்றலாமே என்றால், பல கார்களின் கூரை வரம்பு கேரியரையும் சேர்த்து 50 முதல் 75 கிலோ. 25 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேறு இரண்டு பேர் வேண்டும்.

எண்கள் எங்கிருந்து கிடைக்கும்? சைக்கிளைப் பழைய பேப்பர் கடை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துங்கள், பத்து ரூபாய்கூடக் கேட்கமாட்டார்கள். ட்ரெய்லரின் எடை அதன் பதிவுச் சான்றில் இருக்கும், ஆனால் சாமான் ஏற்றியபின் உள்ள எடைதான் நமக்கு வேண்டும். அதற்கு லாரி எடைமேடை. கொக்கி எடைக்கு, ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதன்மேல் முன்முனையை இறக்குங்கள். காரில் மாட்டும்போது இருக்கும் அதே உயரம் இருக்க வேண்டும். மெஷினின் வரம்பைத் தாண்டாது என்று தெரிந்தபின் மட்டும் இறக்குங்கள். தூரங்களுக்கு டேப் போதும்.

இத்தனையும் மிதிக்கும் சைக்கிள் வகைக்குத்தான். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிகளை மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. நம்பர் பிளேட் உள்ள எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பல 100 கிலோவைத் தாண்டும். அவற்றை எந்தக் கேரியரிலும் ஏற்ற நினைக்க வேண்டாம், மினி லாரி பிடியுங்கள்.

காவலூர் 725 மீட்டர் உயரம். பெங்களூரில் மெருகேற்றிய 2.34 மீட்டர் கண்ணாடியை அந்த மலைக்குப் பத்திரமாக ஏற்றித்தான் வைணு பாப்பு தொலைநோக்கி 1986ல் இயங்க ஆரம்பித்தது. அவர்கள் கணக்குப் போடாமல் ஏற்றியிருக்க மாட்டார்கள். இரண்டு சைக்கிளுக்கு நமக்கு ஒன்பது வரிசை போதும். ஃபைலைச் சேவ் செய்து மொபைலுக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும்போது தேன், சாமை, பலாப்பழம் என்று யாராவது ஏற்றுவார்கள், அப்போது மறுபடி போட வேண்டியிருக்கும். இறங்கும்போது ஏறிய அதே கியர், நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை, அடிவாரத்தில் நிறுத்திக் கயிறுகளை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது, இவை எந்த ஷீட்டிலும் வராது.