250 சொல்லில் ஒரு கதை



பிரிக்பீல்ட்ஸில் ஒரு தங்கை எழுதிய ஆங்கிலக் கதையைப் படித்தேன. காலையில் எழுந்தாள், குளித்தாள், நாசி லெமாக் சாப்பிட்டாள், கொமுட்டர் ஏறினாள்... இதற்கே 180 சொல் போயிடுச்சு. பையைப் பறித்த திருடன் கடைசி இரண்டு வரியில்தான் வந்தான்! மொழிப்பிழை குறைவு. ஆனால் கதை எங்கே?

எஸ்பிஎம் ஆங்கிலம் இரண்டாம் தாளின் மூன்றாம் பாகத்துக்கு 200 முதல் 250 சொல். அதற்குரிய 20 புள்ளிகளில் மொழிக்கு 5தான். உள்ளடக்கம், வாசகருக்குச் சொல்லும் விதம், அமைப்பு ஆகியவற்றுக்கும் தலா 5 உண்டு. "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று பயப்படுகிறவர்களும் கதையை ஒழுங்காக அடுக்கினால் புள்ளி எடுக்கலாம்.

எழுதும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே சம்பவம், ஒரே நாள், இரண்டு மூன்று பேர் போதும். பிறகு நான்கு பத்தியாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, தீபாவளிக்கு முதல் நாள், கிள்ளான் தெங்கு கிளானா சாலை:

1. தொடக்கம் (40 சொல்): கூட்டம். "தம்பியைப் பிடிச்சுக்கோ" என்கிறார் அம்மா.

2. சிக்கல் (60 சொல்): நான் கைப்பேசியைப் பார்க்கிறேன். நிமிர்ந்தால் தம்பியைக் காணோம்.

3. உச்சம் (80 சொல்): தனியாகத் தேடுவதா, அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா? பயந்துகொண்டே சொல்கிறேன். இருவரும் தேடுகிறோம்.

4. முடிவு (50 சொல்): முறுக்குக் கடை ஓரம் தம்பி அழுதுகொண்டு நிற்கிறான். கைப்பேசி பைக்குள் போகிறது. அவன் கை என் கைக்குள்.

பார்த்தீங்களா? கதையைத் தூக்கி நிறுத்துவது மூன்றாம் பத்தியில் எடுத்த அந்த முடிவுதான். அதனால்தான் அதற்கு அதிக இடம். கடைசிப் பத்தியை முதலில் யோசித்துவிட்டால் நடுவில் வழி தவறாது. "எல்லாம் கனவு" என்று மட்டும் முடிக்காதீர்கள். அதுவரை படித்தவரை ஏமாற்றியதாகிவிடும்.

இன்னொன்று. டியூஷனில் மனப்பாடம் செய்த கதையைக் கேள்விக்குள் திணிக்காதீர்கள். கேள்வி ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதில் தொடங்கவோ முடிக்கவோ சொன்னால், கதை அந்த வாக்கியத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் உள்ளடக்கப் புள்ளி போய்விடும்.

நடந்ததை இறந்த காலத்திலேயே எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்றிரவே உங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து, நான்கே வரியில் திட்டம் போட்டுப் பாருங்கள். கதை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அடுக்குவதுதான் பாக்கி.