இரத்தத்தில் திறக்கும் நுண்பேழை

தூத்துக்குடி மில்லர்புரத்தார்க்கு உப்பளம் புதிதன்று. பாத்தியில் நிறுத்திய நீர் வெயிலாற் செறிந்து உப்பாக விளைகின்றது. மழை பெய்யின் விளைந்த உப்புக் கரைந்தொழிகின்றது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் கண்டறிந்த நாம், இக்கால மருத்துவத்தின் அரிய வினாவொன்றை எளிதில் உணரலாம். ஊசி வழியாகச் செலுத்தப்படும் நானோ மருந்து உடலினுள் எப்பொழுது, எவ்வளவு வெளிப்படுமென முன்னரே அறிதல் எவ்வாறு என்பதே அவ்வினா.

நானோமீட்டர் என்பது மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கு. டாக்ஸோரூபிசின் என்பது புற்றுநோயை அடக்கும் மருந்து. ஆயினும் இருதயத்தை நலிவிக்கவும் வல்லது. ஆதலின் அதனைச் சுமார் 80 முதல் 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழியுள் அடைக்கின்றனர். குமிழியின் அகத்தே அம்மோனியம் சல்பேட்டுக் கரைசல் உளது. உட்புகுந்த மருந்து சல்பேட்டுடன் கூடி, பாத்தியில் உப்பு விளைவதேபோலப் படிகமாகின்றது. இத்தகைய மருந்து முதன்முதல் 1995-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்றது.

குமிழி விரைந்து கசியின் இருதயத்திற்குத் தீங்கு, கசியாதிருப்பின் பயனில்லை. சிஸ்பிளாட்டின் என்னும் வேறொரு மருந்தை இவ்வாறே அடைத்துச் சோதித்த காலை, குமிழி அதனை எளிதில் விடாமையால் நோயாளரிடத்துக் கருதிய பயன் கிட்டிற்றில்லை. பேழை வலிதாயிருத்தல் மட்டும் போதாது. உரியவிடத்துத் திறத்தலும் வேண்டும்.

2012-இல் அமெரிக்காவில் லிப்போசோம் டாக்ஸோரூபிசினுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அப்பொழுது நம் நாட்டுச் சன் பார்மா நிறுவனத்தின் 'லிப்போடாக்ஸ்' தற்காலிகமாக அங்கு இறக்குமதியாயிற்று. 2013 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் மருந்து மூலமருந்திற்கு நிகரானதென ஒப்புக்கொள்ளப்பட்டது. நிகரென்று துணிதல் எளிதன்று. மாத்திரையாயின் இரத்தத்திலுள்ள மருந்தின் அளவை ஒப்பிட்டால் பெரும்பாலும் அமையும். ஈண்டோ, குமிழியுள் அடைந்து கிடக்கும் மருந்து வேறு. வெளிப்போந்து வேலைசெய்யும் மருந்து வேறு. மொத்த அளவு மட்டும் காணின் உண்மை மறையும். எனவே இரண்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டுமென அவ்வாணையம் வகுத்துரைத்தது.

மனிதர்க்குச் செலுத்துமுன்னரே ஆய்வுக்கூடத்தில் இதனைக் கணித்தறியலாகாதோ? குமிழிகளை மெல்லிய சவ்வுப்பையிலிட்டு, 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீர்க்கரைசலில் வைத்து, வெளிவரும் மருந்தை அளப்பது ஒரு முறை. ஆனால் குமிழியை நீங்கிய மருந்து சவ்வையும் கடத்தல் வேண்டும். இவ்விரு தாமதங்களையும் ஒன்றெனக் கொள்ளின் கணக்குப் பிழைபடும். மேலும், அக்கரைசல் இரத்தமன்று. இரத்தத்திலுள்ள புரதங்கள் குமிழியின்மேற் படிகின்றன. கல்லீரல், மண்ணீரல்களிலுள்ள விழுங்கணுக்கள் அதனைக் கவர்கின்றன. எலியினிடத்து இவை நிகழும் வேகம் மனிதரிடத்து நிகழும் வேகமன்று. ஆகவே அறிஞர் சவ்வின் தடையைக் கணக்கிற் கழித்தும், மனித இரத்தநீரிற் சோதித்தும், உறுப்புகளின் இரத்தவோட்டத்தைச் சமன்பாடுகளில் அமைத்தும் முன்னறிய முயல்கின்றனர்.

இரசாயனம், உடலியல், கணிதம் ஆகிய மூன்றும் கைகோத்தாலன்றி இவ்வினா விடைபெறாது. கணிப்புச் செம்மையுறுந்தோறும் நோயாளியின் உடலே சோதனைக்களமாதல் குறையும். தனித்தனி வகுப்பறைகளில் இக்கலைகளைப் பயிலும் நம் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.