பழம் பாகங்களால் மின்வண்டி: ஊவா மலைப்பாதைகளுக்கு ஏற்ற ஓர் ஆய்வு

2022-ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை நம் பழைய மாணவர் எவரும் எளிதில் மறந்திரார். அவ்வாண்டு யூலை மாதத்தில் தேசிய எரிபொருள் அனுமதி முறை அறிமுகமானபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்டது. அந்த 5 லீற்றரைக் கொண்டு பதுளை நகரிலிருந்து நமுனுகுலைச் சாரலிலுள்ள தோட்டங்களுக்கு எத்தனை முறை ஏறி இறங்கலாம் என்பதை நம்மூர் முச்சக்கரவண்டிக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். பழைய இரும்புக் கடைகளிற் கிடப்பவற்றைக் கொண்டு நாமே ஒரு மின்வண்டி செய்துகொள்ளலாகாதா என்னும் வினா அத்தகைய நாளில் எழுவது இயல்பு. பஞ்சம் நீங்கிய பின்னும் அவ்வினாவுக்கு விடை தேடுவது பயனுடைத்து. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

இத்தகைய முயற்சி நம்மவர்க்குப் புதிதன்று. 1990-களில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் வாராதிருந்த காலத்தில், அங்குள்ளோர் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிதளவு பெற்றோலால் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். எந்தப் பாகம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு வெளியே அதனைப் பயன்படுத்துவதாயின், அது எப்படி வேலை செய்கின்றது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் அதனை அறிந்திருந்தனர்.

மின்வண்டியும் நேற்றுத் தோன்றியதன்று. பிரான்சியரான பிளான்ரே என்பவர் மீளவும் மின்னேற்றத்தக்க ஈய அமில மின்கலத்தை 1859-இல் ஆக்கினார். 1899-இல் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தைக் கடந்த முதற் கார் ஒரு மின்காரேயாம். பின்னர், 1912-இல் கடிலக் கார்களிற் கைப்பிடி சுழற்றாமலே எந்திரத்தைக் கிளப்பும் சிறு மின்மோட்டார் பொருத்தப்பட்டது. பெற்றோற் கார் எல்லோர்க்கும் எளிதாயிற்று, மின்கார் பின்தங்கியது. மின்காரைத் துரத்தியவற்றுள் ஒன்று ஒரு மின்மோட்டாரே என்பது வேடிக்கையன்றோ?

இனி, நம்மிடம் கிடைக்கக்கூடியவை யாவை? பழுதான முச்சக்கரவண்டியின் சட்டமும் சக்கரங்களும் எங்கும் உள. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கைக்கு வந்த நிசான் லீஃப் மின்கார்களின் மின்கலங்கள் இன்று தம் வலிமையில் ஒரு பகுதியை இழந்து, காரை விட்டுக் கழன்று விற்பனைக்கு வருகின்றன. அக்காரின் முதல் வகையில் 48 பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 7.6 உவோற்று, புதிதாயிருக்கையில் ஏறத்தாழ அரைக் கிலோவாற்று மணிச் சத்தியை அடக்குவது, எடை 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏழு பெட்டிகளைத் தொடராக இணைத்தால் 53 உவோற்றுக் கிடைக்கும். அறுபது வீத வலிமையே எஞ்சியிருப்பினும் 2 கிலோவாற்று மணிக்குக் குறையாது. லொறிகளைக் கிளப்பும் ஈய பற்றரி மலிவாயினும் இவ்வேலைக்கு ஆகாது. அதன் தகடுகள் சில கணம் பெரு மின்னோட்டம் தருவதற்காக மெல்லியனவாய் வார்க்கப்பட்டவை. நாள்தோறும் வெறுமையாக்கினால் சில மாதங்களிற் கெட்டுவிடும்.

பிரியஸ் போன்ற கலப்புக் கார்களின் பழைய மின்கலத் தொகுதியும் மலிவாகக் கிடைக்கலாம். அதனைத் திறக்க நினைக்கும் மாணவர் ஒன்றை அறிதல் வேண்டும். அத்தொகுதியின் முனைகளுக்கிடையே 200 உவோற்றுக்கு மேலுள்ளது. கார் அணைந்திருப்பினும், கழற்றி நிலத்தில் வைத்திருப்பினும் அது உள்ளேயே இருக்கும். ஒரு கையால் ஒரு முனையையும் மறு கையால் மறு முனையையும் தொட்டவன் மீளான். பயிற்சி பெற்றவர் அருகில் இல்லாதபோது அதைத் தொடாது விடுவதே அறிவுடைமை. 60 உவோற்றுக்கு உட்பட்ட வண்டியே மாணவர்க்கு உரியது.

இதுவரை கூறியது எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் நாட்டு மலை இனிமேற்றான் கணக்கில் வருகின்றது.

வண்டியும் ஓட்டுநரும் பாரமும் சேர்ந்து 500 கிலோ எனக் கொள்வோம். சமதரையில் இதனை உருட்டுவதற்குச் சுமார் 75 நியூற்றன் விசை போதும். பத்து அடிக்கு ஓரடி உயரும் பாதையில், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 490 நியூற்றன் வேண்டும், கூட்டினால் 565. அஃதாவது ஏழரை மடங்கு. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதாயின் சக்கரத்தில் 3 கிலோவாற்றுக்குச் சற்று மேலும், வழியில் நேரும் நட்டத்தையும் சேர்த்தால் மின்கலத்திலிருந்து 4 கிலோவாற்றுக்கு மேலும் தேவை. 53 உவோற்றில் இது ஏறத்தாழ 80 அம்பியர். சமதரையில் 10 அம்பியருடன் ஓடும் அதே வண்டி! நம் புகைவண்டிப் பாதையை 1924-இற் பதுளைக்குக் கொண்டுவந்த பொறியியலாளர், 44-க்கு ஒன்று என்னும் சாய்வை மிஞ்சாதிருக்கத் தெமோதரையிற் பாதையைச் சுற்றி வளைத்துத் தன் அடியிலேயே சுரங்கத்தால் நுழையச் செய்தனர். தோட்டப் பாதைகளை வெட்டியவர்க்கோ அத்தகைய கவலை இருந்ததில்லை.

சத்தியின் கணக்கையும் பார்ப்போம். 10 கிலோமீற்றர் தூரத்தில் 500 மீற்றர் உயர்வதற்கு நம் 500 கிலோ வண்டிக்கு மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 1.2 கிலோவாற்று மணி செலவாகும். அதே தூரம் சமதரையாயின் 0.3 போதும். ஆகவே சமவெளி நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் "இவ்வண்டி 40 கிலோமீற்றர் ஓடும்" என்று கூறினால், நம்மவர் அதனைப் பத்து என்று வாசித்துக்கொள்ளல் நன்று.

இவ்வளவும் ஏற்றம். ஏற்றத்தில் மோட்டார் தோற்றால் வண்டி நின்றுவிடும், இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் தோற்றால் அவ்வாறன்று. 2021 மார்ச்சிற் பசறைக்கு அருகிலும், 2025 செப்ரெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்ததை இம்மாகாணம் மறக்கவில்லை. வீட்டிலே வண்டி செய்யும் இளைஞர் மின்கலத்தையும் வேகத்தையும் பற்றி நாட்கணக்காகப் பேசுவர். இறக்கத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததும் இதன்பொருட்டே.

மலைச் சாரதி ஒவ்வொருவனும் இறக்கத்திற் சிறு கியருக்கு மாற்றுவான். அப்போது எந்திரம் வண்டியைப் பின்னின்று பிடித்து இழுக்கும். பெற்றோல் எந்திரம் ஏற்றத்தில் இழுக்கும் கருவி மாத்திரமன்று. இறக்கத்தில் அதுவே பெரிய பிறேக். அதைக் கழற்றி எறிந்து மின்மோட்டாரைப் பொருத்துபவன், ஒரு பிறேக்கையும் சேர்த்துக் கழற்றியவனாகின்றான். அந்த இடத்தை எது நிரப்பும்?

எஞ்சிய பிறேக்குகளை மட்டும் நம்பலாமா என்று பார்ப்போம். 500 மீற்றர் இறங்கும் நம் வண்டி, உருளுதலில் இழப்பது போக, ஏறத்தாழ 0.47 கிலோவாற்று மணிச் சத்தியை எங்கேனும் கொட்டியாக வேண்டும். அஃது 5 லீற்றர் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். அவ்வளவும் மூன்று சிறு சக்கரங்களின் பிறேக் உறைகளுக்குட் புகுமாயின், காய்ந்த பிறேக் பிடிமானம் குறைந்து, மிதித்தும் பயனில்லாத நிலை வரலாம்.

ஆகவே நம் நாட்டில் மோட்டாரை இறக்கத்தை நோக்கியே தெரிவு செய்தல் வேண்டும் என்பது எம் துணிபு. வெளிநாட்டு நூல்களிற் புகழப்படுவது பண்டசாலைகளில் ஓடும் போர்க்லிப்ட் வண்டியின் தொடர்ச்சுற்று மோட்டார். நின்ற நிலையிலேயே பெருவிசை தருவது, பழைய இரும்பு விலைக்குக் கிடைப்பது, நெடுங்காலம் உழைப்பது. ஆயினும் அதன் காந்தப்புலம் அதனூடு செல்லும் மின்னோட்டத்தாலேயே பிறக்கின்றது. இறக்கத்தில் மின்னை நிறுத்தியதும் புலமும் ஏறக்குறைய மறைந்துவிடும். மோட்டார் தடையின்றிச் சும்மா சுழலும். அதனை மின்னாக்கியாக மாற்றுவது இயலாததன்று. ஆனால் இணைப்புகளை மாற்றியமைக்க வேண்டும், பிடிப்பும் சீராக வராது. அன்றியும் பாரமின்றி முழு உவோற்றளவில் ஓடவிட்டால் வேகம் கட்டுக்கடங்காது ஏறித் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். சமவெளிக்கு அது நல்ல மோட்டார். ஊவாவுக்கு அதனை நாம் பரிந்துரையோம். காரைக் கிளப்பும் சிறு மோட்டாரும் அவ்வாறே ஆகாது. அது சில வினாடி உழைக்கச் செய்யப்பட்டது. ஐந்து நிமிட ஏற்றத்திற் கருகிவிடும்.

நிலைக்காந்தமுடைய மோட்டாரே நமக்கு உகந்தது. சக்கரம் அதனைச் சுழற்றினால் அது எப்போதும் மின்னைப் பிறப்பிக்கும். தக்க கட்டுப்படுத்தி அம்மின்னை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். சத்தி மீள்வதோடு வண்டியும் பின்னின்று பிடிக்கப்படும். பழுதான மின்முச்சக்கரவண்டிகளிலும் மின் மோட்டார் சைக்கிள்களிலும் இவ்வகை மோட்டார்கள் உள. முச்சக்கரவண்டியின் பழைய கியர்ப் பெட்டியை நீக்காது வைத்திருப்பதும் நன்று. சிறிய மோட்டாருக்கும் ஏற்றத்தில் அது துணையாகும்.

இங்கும் ஒரு பொறி உண்டு. மலையுச்சியிலுள்ள வீட்டில் இரவு முழுதும் மின்னேற்றிக் காலையில் இறங்கத் தொடங்கினால், நிறைந்த மின்கலம் மேலும் மின்னை ஏற்காது. நல்ல கட்டுப்படுத்தி அப்போது மின்பிடிப்பை நிறுத்திவிடும். தீய கட்டுப்படுத்தி மின்கலத்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றித் தீக்கு வழி செய்யும். நேற்று மாலை நன்றாகப் பிடித்த வண்டி இன்று காலை பிடியாமற் போவதன் காரணம் இதுவே. மேட்டிலிருப்போர் நூற்றுக்கு எண்பது அளவில் மின்னேற்றத்தை நிறுத்துவதும், மிஞ்சும் மின்னைத் தடைக்கம்பிச் சுருளில் வெப்பமாக்கும் அமைப்பைச் சேர்ப்பதும் இதற்குப் பரிகாரங்கள். லயத்து அறையில் மின்னேற்றுவோர்க்கு இன்னொரு சொல்: பழைய மெல்லிய கம்பிகளிற் பெரிய மின்னேற்றியை மாட்டாதீர். மூன்று நான்கு மணி நேரம் எடுக்கும் சிறியதே போதும்.

இத்தகைய வண்டி யாருக்கு உதவும்? நகரத்துப் பயணத்துக்கு என்பதைவிடத் தோட்டத்தினுள் கொழுந்து ஏற்றுவதற்கு என்றே நாம் கூறுவோம். கொழுந்தைச் சுமந்து நிறுக்குமிடம் வரை சரிவில் நடக்கும் பெண்களின் பாரத்தை அறியாதார் இப்பக்கங்களை வாசிப்போருள் இலர். பழைய தேயிலை ஸ்டோர்கள் பல நீர்ச்சில்லால் இயங்கியமையால் ஓடைகளை அண்டித் தாழ்ந்த இடங்களில் அமைந்தன. அத்தோட்டங்களில் வெறும் வண்டி ஏறும்; பாரவண்டி இறங்கும். துரைமார் காலத்திற் கம்பி வழியே கொழுந்து மூட்டைகளைக் கீழே இறக்கியதும் இச்சாய்வை நம்பியே.

கணக்கிடுவோம். ஸ்டோரிலிருந்து மலைக்கு 2 கிலோமீற்றர். உயரம் 200 மீற்றர். ஓட்டுநருடன் 350 கிலோவாக ஏறுகையில் 0.29 கிலோவாற்று மணி செலவாகும். 300 கிலோ கொழுந்தேற்றி 650 கிலோவாக இறங்குகையில் 0.21 திரும்பி வரும். செலவில் ஏறத்தாழ முக்காற் பங்கு மீள்கின்றது! இது ஏட்டுக் கணக்கு மாத்திரமன்று. சுவிற்சர்லாந்தில் 2017-ஐ ஒட்டிப் பழைய கொமட்சுச் சுரங்க லொறி ஒன்றை மின்வண்டியாக மாற்றினர். அது மலைமேலுள்ள கற்சுரங்கத்துக்கு வெறுமையாய் ஏறி, தன் எடையிலும் மிகுந்த 65 தொன் பாரத்துடன் இறங்குவது. ஆதலால் ஏறச் செலவிட்டதிலும் கூடுதலான மின்னை இறங்கும்போது பெறவல்லது. டீசல் எந்திரத்தைக் கழற்றிய பழைய லொறி அது என்பதை நம் மாணவர் குறித்துக்கொள்வாராக. ஸ்டோர் மேட்டிலும் மலை பள்ளத்திலும் உள்ள தோட்டத்திலோ கணக்குத் தலைகீழாகும். அங்கே பெரிய மின்கலம் வேண்டும்.

செய்து முடித்த வண்டியைச் சோதிக்கும் முறையையும் கூறுதல் வேண்டும். எல்லாச் சக்கரங்களுக்கும் மிதிபிறேக்கும், அதனின் வேறாகக் கம்பியால் இயங்கும் கைப்பிறேக்கும் இருத்தல் வேண்டும். மின்பிடிப்பு இவற்றுக்கு மேலதிகமேயன்றி மாற்றன்று. மின்கலத்துக்கு அடுத்தே உருகியும், இருக்கையிலிருந்து கையெட்டும் தூரத்தில் முழுமின்னையும் துண்டிக்கும் ஆளியும் வேண்டும். உப்பிய கலம் எதனையும் சேர்த்தலாகாது. முதல் ஓட்டங்களிற் பிள்ளைகளை ஏற்றாது மணல் மூட்டைகளை ஏற்றுக. தோட்ட நிருவாகத்தின் அனுமதியோடு, கீழே சமதரையில் முடியும் குறுகிய சரிவொன்றில், மின்பிடிப்பை நிறுத்திவிட்டுப் பிறேக்குகளை மட்டும் சோதிக்க. பின்னர் இரண்டையும் சேர்த்துச் சோதிக்க. மழை பெய்து பாதை வழுக்கும் நாளில் மீண்டும் ஒருமுறை சோதிக்க. ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் பிறேக் உறையின் அருகிற் கையை வைத்து அனலைப் பார்த்தல் நன்று, தொடுதல் வேண்டா. பொதுவீதிக்குக் கொண்டுசெல்வதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரமும் பதிவும் இன்றியமையாதவை. அவை கிடைக்கும்வரை வண்டி தோட்ட எல்லைக்குள்ளேயே ஓடட்டும். நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் கீழ் ஒரு மரக்கட்டை கிடக்கட்டும்.