கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு சீட்டு



"தவணை கட்டியாச்சுங்க, பாஸ்புக்குல ஏறலீங்க." கூட்டமைப்பின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் குழு? எந்த ஊர்? எந்த மாதத் தவணை? ஒன்றும் இல்லை. கேட்கலாம் என்று நாங்கள் கூப்பிட்டால், குமாரபாளையத்தில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தறியில் நிற்பார்கள். தறி ஓடுகிற சத்தத்தில் போன் அடிப்பது காதில் விழுமா? தவணை தவறியதாகவே வங்கிக் கணக்கில் நின்றுவிட்டால், அந்தக் குழு அடுத்த கடன் கேட்டுப் போகும்போது அது முட்டுக்கட்டையாக வந்து நிற்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊரும் குழுப் பெயரும் தானாகவே எழுதி வரும்படி ஒரு லிங்க் செய்துகொள்ளலாம்.

லிங்க் என்பது ஒரு முகவரிதான். அதில் கேள்விக்குறி (?) இருந்தால், அதற்கு முன்னால் இருப்பது போகவேண்டிய இடம், பின்னால் இருப்பது கையில் கொடுத்தனுப்பும் சீட்டு. பாவு எடுத்துப்போகிற பையனிடம் விவரம் எழுதிக் கொடுப்போம் அல்லவா, அதுமாதிரி. சீட்டில் ஒவ்வொரு விவரமும் 'பெயர் = மதிப்பு' என்று இருக்கும். இரண்டு விவரங்களுக்கு நடுவே & குறி வரும்.

பெரிய கம்பெனிகள் புகார்களை வாங்கி எண் போட்டுக் கவனிக்க உதவி மேசை மென்பொருள் வைத்திருக்கின்றன. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் அந்த வகைதான். ஜென்டெஸ்க் என்கிற இன்னொன்றில், புகாரின் தலைப்பை லிங்க்கிலேயே எழுதி அனுப்பலாம். திறந்தால் படிவம் பாதி நிரம்பியிருக்கும். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, வாட்ஸ்அப்பே போதும்.

ஆங்கிலத்தில் 'டபிள்யூ, ஏ', ஒரு புள்ளி, 'எம், ஈ' என்று எழுதி ஒரு சாய்கோடு (/) போடுங்கள். பிறகு 91, அதையொட்டிக் கூட்டமைப்பின் பத்து இலக்க எண். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், நடுவில் இடைவெளி எதுவும் கூடாது. அடுத்து கேள்விக்குறி, 'டெக்ஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி (=), அதன்பின் செய்தி. செய்தியில் சொற்களுக்கு நடுவே இடம் விட வேண்டிய இடத்தில் %20 என்று போட வேண்டும். முதல்முறை பார்த்தால் தலை சுற்றும். ஒரு லிங்க் செய்துவிட்டால் மற்றக் குழுக்களுக்குப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த லிங்க்கைத் தொட்டவுடன் செய்தி போய்விடாது. 'மல்லிகை குழு, குமாரபாளையம், என் பிரச்சினை:' என்று எழுதியபடி வந்து நிற்கும். மீதியை எழுதி, அனுப்பும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். எழுதச் சிரமப்படுகிற அக்காமார் குழுப் பெயரை அனுப்பிவிட்டு, மீதியை வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பலாம்.

கூகுள் படிவம் வைத்திருக்கும் குழுக்களுக்கு வேலை இன்னும் சுலபம். படிவம் தயாரிக்கும் பக்கத்தின் மேலே மூன்று புள்ளி மெனுவில், முன்பே நிரப்பிய லிங்க் எடுக்கும் வசதி இருக்கிறது. ஊரையும் குழுவையும் நிரப்பிக் கொடுத்தால், லிங்க்கை அதுவே செய்து தந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இந்தச் சீட்டு மூடிய கவர் அல்ல. லிங்க் யார் கைக்குப் போனாலும் அதில் உள்ளதைப் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ரகசிய எண் எதையும் அதில் சேர்க்கவே கூடாது. மல்லிகை குழு என்று எழுதி வந்ததாலேயே மல்லிகை குழுதான் அனுப்பியது என்று அலுவலகத்திலும் எடுத்துக்கொள்ள முடியாது. பதிவேட்டில் உள்ள போன் எண்ணோடு ஒத்துப் பார்த்த பிறகே கணக்கு விவரம் பேசுவோம்.

பணம் கட்டும் யுபிஐ லிங்க்கும் இதே அமைப்புதான். யாருக்கு, எவ்வளவு என்பது கேள்விக்குறிக்குப் பின்னால் எழுதியிருக்கும். "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, இதைத் தொடுங்க" என்று யாராவது அனுப்பினால், திரையில் வரும் பெயரையும் தொகையையும் படியுங்கள். ரகசிய எண் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊக்குநரும் தன் குழுவுக்கு ஒரு லிங்க் செய்து, வேறொருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு, குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். க்யூஆர் கட்டமாக அச்செடுத்துத் தீர்மான நோட்டின் உள்அட்டையிலும் ஒட்டலாம். கூட்டமைப்பின் எண் எப்போதாவது மாறினால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும், பழையது வேலை செய்யாது.