டொக்டரிடம் "நோ" சொல்லலாமா?

கொழும்பிலோ ரொறன்ரோவிலோ தமிழ் தெரியாத டொக்டர் ஒருவர் நம் அம்மம்மாவின் வயிற்றை அழுத்தி, "பெயின்?" என்று கேட்கிறார். "நோ, நோ" என்கிறார் அம்மம்மா. டொக்டரின் காதில் அது "இல்லை, இல்லை" என்றுதான் விழும். பகிடி போலத் தோன்றினாலும் இது ஆபத்தான பகிடி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், நம் மொழியைப் படித்து, மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். எல்லா டொக்டரும் கிறீன் அல்லர். ஆகவே கூடச் செல்லும் பேரப்பிள்ளை சில சொற்களை அறிந்திருப்பது நல்லது.

"பெயின்" என்பது நோ. "ஐ ஹாவ் எ பெயின் இன் மை செஸ்ற்" என்றால், எனக்கு நெஞ்சில் நோ இருக்கிறது. "ஐ ஆம் பெயினிங்" என்று சிலர் சொல்வது பிழை. நோகிறது என்பதற்கு "ஹேர்ட்ஸ்" உண்டு. "மை நீ ஹேர்ட்ஸ்": என் முழங்கால் நோகிறது.

விடாமல் இருக்கும் நோ "ஏய்க்". இது உறுப்பின் பெயரோடு ஒட்டிவரும். தலையிடி "ஹெடேய்க்", பல்லுக்கொதி "ரூத்தேய்க்", வயிற்றுக்குத்து "ஸ்ரொமக்கேய்க்". இடி, கொதி, குத்து என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் அங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. இவ்விடயத்தில் நம் தமிழே வளமானது! கை, காலோடு இச்சொல்லை ஒட்டுவதில்லை.

தடிமன் பிடித்தால் "ஐ ஹாவ் எ கோல்ட்". "ஐ ஆம் கோல்ட்" என்றால் குளிர்கிறது என்று பொருள், போர்வைதான் கிடைக்கும்.

மிகக் கவனம் வேண்டியது "மயக்கம்". தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம், நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம் என்கிறோம். முன்னையது "ஐ ஃபீல் டிஸி". பின்னையது "ஐ ஃபெயின்ரட்". இதைக் கேட்டால் டொக்டர் இருதயத்தைப் பற்றியும் யோசிப்பார்.

எவ்வளவு காலமாக என்றும் கேட்பார்கள். நாட்களின் எண்ணிக்கைக்கு முன் "ஃபோர்", தொடங்கிய நாளுக்கு முன் "சின்ஸ்" வரும். "ஃபோர் த்றீ டேய்ஸ்": மூன்று நாளாக. "சின்ஸ் ஃப்றைடே": வெள்ளிக்கிழமை தொடக்கம்.

இனி இதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: "அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் தலையிடி. நேற்று மயங்கி விழுந்தார்." விடை: "மை ஃபாதர் ஹாஸ் ஹாட் எ ஹெடேய்க் சின்ஸ் சண்டே. ஹீ ஃபெயின்ரட் யெஸ்ரடே."