ஹார்மோன் மாத்திரை போட்டால் புற்றுநோய் வருமா?

கேள்வி: மாதவிடாய் நின்றபின் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. சிப்காட் கம்பெனியில் ஃபேனுக்கு அடியில் நின்றாலும் ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. ஹார்மோன் மாத்திரை போட்டால் மார்பகப் புற்றுநோய் வருமாமே?
– வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: இந்தப் பயம் பரவியது 2002 ஜூலையில். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் ஹார்மோன்கள் இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய். மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 30. கூடுதல் எட்டுப் பேர். செய்திகளில் அது ‘26 சதவீதம்’ என்று வந்ததும் உலகமே மிரண்டது.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை.

அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருப்பவர்கள் டாக்டர் சொன்னால் தாராளமாகத் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு இது பொதுவாக வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். மின்சார ரயிலேறி எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் காட்டுங்கள்.