மூலையில் நுழைந்த சுண்டுவிரல்

கண்ணு,

நீ தைத்த ஒட்டுப் போர்வை சனிக்கிழமை பார்சலில் வந்தது. கட்டில் மேல் விரித்துப் போட்டு மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துண்டை மங்கின ஊதாவுக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. ஓட்டுத்தையல் அரிசி அரிசியாக விழுந்திருக்கிறது. இத்தனை வருஷம் தைத்தும் என் கைக்கு அப்படி விழுந்ததில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் மூலையைத் தொட்டேன். மடிப்புக்குள் என் சுண்டுவிரல் நுழைந்துவிட்டது.

ஒரு மூலையில் இல்லை, நாலிலும். கால் அங்குலத்துக்கு முன்னாலேயே தையலை நிறுத்தி, ஓரப் பட்டியை மேலே மடக்கிக் கீழே இறக்கியிருக்கிறாய். மடிப்பு கத்தி மாதிரி இருக்கிறது. அதன் வாயைச் சாத்த முன்னால் நாலு தையல், பின்னால் நாலு தையல். மாசக்கணக்கில் உட்கார்ந்து நடுவைத் தைத்தவளுக்கு அந்த எட்டுத் தையலுக்கா பஞ்சம்?

மூலையையாவது விட்டுவிடலாம். பட்டியை என்ன சொல்ல? வெள்ளைப் பாப்ளினை நூல் வாக்கிலேயே கிழித்து, ஒற்றையாக வைத்து, மேலே மெஷின் ஓட்டியிருக்கிறாய். போர்வையில் முதலில் தேய்வது ஓரம்தான். மோவாய் உரசுவது அங்கே, துவைக்கும்போது பிடித்து முறுக்குவது அங்கே. நேர்ப் பட்டியில் மடிப்பின் முதுகு நெடுக அதே இரண்டொரு இழைதான் ஓடும். அது தேய்ந்தால் ஓரம் முழுக்க வாய் பிளக்கும். துணியைக் கோணலாக வெட்டின கிராஸ் பட்டியில் ஆயிரம் இழை குறுக்கே ஏறி இறங்கும். ஒன்று போனால் அடுத்தது தாங்கும். இரண்டரை அங்குலம் வெட்டி இரண்டாக மடித்து வை. உள்ளே பஞ்சு முட்ட நிறைந்திருக்க வேண்டும். உன்னுடையது அமுக்கினால் காலிப் பையாக இருக்கிறது.

கிராஸ் பைத்தியம் என்று என்னைச் சொல்வார்கள், தெரியும். ஈரோட்டில் டைலர் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த வயசில் பிடித்தது. அங்கே மாஸ்டர் ஜாக்கெட் கழுத்துக்கு நேர்த்துணி வெட்டினால் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்வார். துணி வளைய வேண்டிய இடத்தில் அதை நிமிரச் சொல்லாதே என்பார். அந்த ஆளுக்குப் போர்வை தைப்பதில் ஒரு மரியாதையும் கிடையாது. கந்தலை எதுக்கு ஒட்டுப் போடுகிறாய் என்று கேட்டவர்தான்.

உத்தர கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையைப் பார்த்த நாளில் எனக்கு ரொம்ப வெட்கமாகப் போனது. நாம் கடைசியில் அலுத்துப்போய்ச் செய்யும் ஓரத்தில்தான் அவர்கள் ஆரம்பிக்கிறார்கள். பழைய புடவையை அடியில் விரித்து, விளிம்பை உள்ளே மடக்கி, மூலையிலிருந்து ஊசி போட்டுச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். போர்வை முடியும் முன்னாலேயே ஓரம் முடிந்துவிடுகிறது. பிறகு மூலைகளில் துணியைப் பல மடிப்பாக முக்கோணம் மடித்துப் ‘பூ’ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு அம்மணம். நீ நாலு மூலையிலும் ஓட்டை வைத்திருக்கிறாய்.

கோபித்துக்கொள்ளாதே, ஓரத்தை நாலு பக்கமும் பிரித்துவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். கூடவே எங்க வீட்டுக்காரர் கட்டின மெரூன் கட்ட லுங்கி ஒன்று இருக்கும். சாயம் போகுமோ என்று பயப்பட வேண்டாம், போக வேண்டியதெல்லாம் எப்போதோ போய்விட்டது. கிராஸில் வெட்டினால் கட்டங்கள் வைரம் வைரமாக ஓரம் சுற்றி ஓடும். 60-க்கு 80 அங்குலம் என்றால் சுற்றளவு 280. ஒட்டுக்குச் சேர்த்து 295 எடுத்துக்கொள். ஒட்டு மூலையில் வரக் கூடாது. இழுத்துப் பிடித்துத் தைக்காதே, ஓரம் சுருங்கிவிடும். பின்பக்கம் கை எம்மிங்தான், மெஷினைத் தொடாதே. விரலில் மாட்ட அங்குஸ்தானும் வைத்திருக்கிறேன், அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு.